இடதுபக்கச் சீட்டு

இல்லீங்க நாசர் பாய், அந்த ஜீப்புச் சீட்டத் தூக்கி அக்கட்டால வெக்காதீங்க. இந்த அங்கப்பன் கண்ணுல பட்டதுக்கப்பறம் அது வேற யாருக்குங்க போவும்? யாரு, கேட்டுட்டுப் போன சிங்காநல்லூர்ப் பையனா? அவன்கிட்ட ஜீப்பு இருக்குதுங்களா? இல்லையா? ஹால்ல போட்டு, உக்காந்து போட்டோ புடிக்கவா! நல்லா இருக்குதுங்க நாயம். ஜீப்புச் சீட்டுன்னா குலுங்கோணும் பாய். குலுங்காத எடத்துல போட்டா அதுக்குத் தூக்கமே வராது.

சிரிக்காதீங்க. உங்க கடையில வாங்குன ஒவ்வொரு பழைய சாமானையும் ஊடு கொண்டுபோயிச் சேக்க நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியாது. என்ற மூத்த பையன் வேலுமணி இருக்கானே, நான் காரைக் கொண்டுபோயி கேட்டுல இடிச்சன்னைக்கே சாவியப் புடுங்கிட்டான். வயசாயிப்போச்சாமா. கேட்டு ஒதுங்கி நிக்கலைன்னா நான் என்னங்க பண்றது? அதோட உட்டானா? அப்பனுக்கு ஒருத்தரும் வண்டி விக்கக்கூடாதுன்னு தொண்டாமுத்தூர்ல இருந்து சிங்காநல்லூர் வரைக்கும் சொல்லி வெச்சுப்போட்டான். வண்டி விக்கக்கூடாதுன்னுதான சொன்னான்? இரும்பு விக்கக்கூடாதுன்னு சொன்னானா?

கியர்பாக்ஸை டவுன்பஸ்ஸுலதான் கொண்டுபோனேன். கண்டக்டர் லக்கேஜ் போடோணும்னான். தம்பி, இது லக்கேஜ் இல்ல, உன்ற பஸ்ஸு நின்னுபோச்சுன்னா உதவட்டும்னு கொண்டாரேன்னேன். சொல்லி வாய மூடல, பேரூர் தாண்டி பஸ்ஸு நின்னுபோச்சு. நெசமாலுமேங்க! டிரைவர் எறங்கி வந்து கியர்பாக்ஸைக் கும்புட்டதுக்கப்பறமேட்டுக்குத்தான் வண்டி கெளம்புச்சு. டிக்கெட்டா? கேப்பானா அவன்?

ஸ்டீரிங்கை மால மாதிரி கழுத்துல போட்டுட்டுப் போனேன். மருமக லோகப்பிரியா, மாமா இது என்னங்கன்னா. டாக்டரு கழுத்துவலிக்குக் குடுத்ததம்மணீன்னேன். ரேடியேட்டரு கோழிக்கூண்டுக்குக் கதவுன்னேன். முன்பக்கத்து ஆக்சில் வந்தன்னைக்குத்தான் கொஞ்சம் முழிச்சேன். ஒத்தக்கொம்பன் தும்பிக்கையில தூக்கியாந்து போட்டுட்டுப் போச்சுன்னு அடிச்சு உட்டேன். நம்பலைங்க. நம்பலைன்னா என்ன, கெழவன் பேச்ச யாரு நின்னு கேக்கறாங்க? எங்க பழைய ஜீப்போட எலும்புக்கூடு, எஞ்சின் மட்டும் மிச்சமா, மாட்டுக் கட்டுத்தறியில, சோளத்தட்டுக்குப் பின்னால, கோழி அடஞ்சுட்டுக் கெடந்துச்சு. அதுலயே எல்லாத்தையும் முடுக்கிப்போட்டேன். போன வாரம் பையன் சந்தைக்குப் போனப்ப ஸ்டார்ட் பண்ணுனேன் பாருங்க, அந்தச் சத்தத்துல எருமை நின்னவாக்குல தயிரே கறந்துச்சு.

டிரைவர் சீட்டு வேண்டாங்க. எனக்குத் தவுட்டு மூட்டை போதும். இந்த எடதுபக்கத்துச் சீட்டுதான் வேணும், இன்னைக்கே வேணும். ஆடாம இருக்குதுங்களா? சாஞ்சா முதுகு நிக்குமா? புடிச்சுக்கக் கைப்பிடி ஒண்ணு, ஏறக் கால்படி ஒண்ணு சேத்துக் குடுங்க. படி தணிவா இருக்கோணும். காளியாத்தாளுக்கு முட்டி மடங்காது.

ஆமாங்க, என்ற ஊட்டுக்காரிதான். ஊட்டுல எங்கீங்க இருக்கறா? பாகம் பிரிச்சாங்களே, உங்களுக்குத் தெரியாதா? தோப்போட நான் பெரியவனுக்கு, சைட்டோட அவ சின்னவனுக்கு. சரவணம்பட்டியில எட்டாவது மாடி. பேரனப் பாத்துக்கோணுமாமா. நோம்பி, பொங்கல்னு வந்தா விருந்துக்கு வந்த ஒறம்பரையாட்டம் கூட்டியாந்து காட்டிப்போட்டு, பொழுதோட கூட்டிட்டுப் போயிருவான். எங்களக் கேட்டா பிரிச்சாங்க?

ஆட்டோவா? ஆட்டோ ரோடு இருக்கற எடத்துக்குத்தான போவும். மலையடிவாரத்துல ஒரு கரட்டுத்துண்டு இருக்குதுங்க. யானை எறங்குது, தடமும் இல்லைன்னு ரெண்டு பேருமே வேண்டாம்னுட்டானுங்க. என்ற பேர்லயேதான் கெடக்குது. குடியிருக்க ஒரு சாளை, ஒரு கெணறு. நாலு சக்கரமும் இழுக்கற வண்டிதான் அங்க ஏறும். யானைக்குப் பயமில்லையான்னா, அது வந்து காளியாத்தாள ஒருக்கா பாக்கட்டும், அப்பறம் யாருக்குப் பயம்னு தெரியும்.

நாளைக்கு வெள்ளிக்கெழமைங்களா, கோயிலுக்குப் போறேன்னு சொல்லிப்போட்டுத் துணிப்பையோட கேட்டுக்கு வெளிய நிப்பா. போன்ல பேசி முடிச்சுட்டோம். அன்னைக்கு ஊட்டுல பாத்துக் கட்டி வெச்சாங்க. எழுபத்தி நாலு வயசுல நானே தூக்கிட்டுப் போறேன். பசங்க போலீசுக்குப் போனா? போவட்டும். எங்கப்பன் எங்கம்மாவக் கடத்திட்டாருன்னு ஸ்டேசன்ல எழுதிக் குடுக்கட்டும், பாக்கறேன்.

ஏனுங்க பாய், நீங்களே தூக்கறீங்க? தூசியெல்லாம் தொடைக்க வேண்டாங்க. சரி, தொடைங்க. அந்தச் சிங்காநல்லூர்ப் பையன் வந்து கேட்டா ஒத்தக்கொம்பன் தூக்கிட்டுப் போயிருச்சுன்னு சொல்லிருங்க.

கயிறு வேண்டாங்க, பஸ்ஸுல பக்கத்துலயே வெச்சுக்கறேன். இல்லீங்க, இன்னைக்குக் கண்டக்டருகிட்ட நாயம் பேச மாட்டேன். இதுக்கு ஆள் டிக்கெட்டே எடுத்துருவேன்.