கதவோரம் நீண்ட கை

மணி ஒன்பது நாற்பது. பாலத்துக்கு அடியில் போகும் சாலை. தெருவிளக்கு மூன்றில் இரண்டு அவுட். மூன்றாவது யோசித்துக்கொண்டிருந்தது...

இது எனக்கு நடந்ததில்லை. எனக்கு நடந்திருந்தால் அன்றைக்கே நெஞ்சு வெடித்துப் போயிருப்பேன், உங்களுக்கும் நிம்மதி. என் அறைத்தோழனின் அக்கா புருஷனுக்கு நடந்தது. லிப்ட் பழுது பார்க்கிறவர். அறையில் எல்லோருக்கும் அவர் மாமாதான். டேய், போர்வையை இழுக்காதே. எல்லோருக்கும் ஒன்றுதான் இருக்கிறது.

அக்காவுக்கு நிறைமாதம். மாமா இரண்டு வாரமாக அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசியில் அவளே துரத்தினாள்.

"ரெண்டு மணி நேரம் எங்கயாவது போய்த் தொலைங்க. நீங்க இப்படிப் பாத்தா எனக்கு இல்லாத வலியும் வந்துடும். ஆனா போன் அடிச்சா முதல் மணியிலேயே எடுக்கணும்."

"எடுக்காம?"

அந்தப் பாலத்தைத் தாண்டி ஒரு பார். வாரம் ஒருநாள் சுவரில் பழைய படம் போடுவார்கள். மாமா போனபோது படம் ஆரம்பித்துவிட்டது. உள்ளே கும்மிருட்டு. திரைச்சீலையை விலக்கினதும் கதவோரத்திலிருந்து ஒரு கை நீண்டது. கருகின பிளாஸ்டிக் வாடை. எங்கேயோ டிக்... டிக்... டிக்... என்று படம் ஓட்டும் மெஷின்.

"போனைக் குடுங்க சார். படம் ஓடுறப்ப உள்ள கொண்டுபோகக் கூடாது."

மாமா தயங்கினார். "வீட்ல நிறைமாசம்ணே. அடிச்சா உடனே எனக்குச் சொல்லிடுவீங்கல்ல?"

"கண்டிப்பா சார்." நீட்டிய கை அப்படியே இருந்தது. "வீட்ல உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?"

போன் பண்ணுவது யார் என்று தெரிந்துகொள்ளக் கேட்கிறான் போல, என்று நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்திருப்பேன். நமக்கெல்லாம் மூளை சம்பவம் முடிந்த பிறகுதான் வரும்.

"'என்னங்க'ம்பா. கோவம் வந்தா 'லிப்டு'ம்பா. கூப்பிட்டா வர லேட்டாகுமாம்."

இருட்டு லேசாகச் சிரித்தது. போனை வாங்கிக்கொண்டது. விரல்கள் ஈரமாக இருந்தன.

ஒரு பீர். பாதிப் படம். யாரும் வந்து கூப்பிடவில்லை. இடைவேளையில் விளக்கைப் போட்டார்கள். கதவோரம் ஆள் இல்லை... நாற்காலியும் இல்லை. வெறும் சுவர்.

மாமா கவுண்டருக்கு ஓடினார். "என் போன் எங்க?"

"எங்ககிட்ட எதுக்கு சார் இருக்கப்போகுது? போன் வாங்கி வைக்கிற வழக்கமே இங்க கிடையாதே."

"கதவுகிட்ட ஆள் நின்னாரே. அந்த மெஷின் பக்கத்துல, டிக் டிக்னு..."

கவுண்டர்க்காரர் மேலே காட்டினார். கூரையில் டிபன் பாக்ஸ் அளவில் ஒரு பெட்டி. "நம்ம மெஷின் அதான் சார். சத்தமே வராது."

மாமா கவுண்டர்க்காரரின் போனைப் பிடுங்கித் தன் நம்பருக்கே அடித்தார். முதல் மணியிலேயே எடுத்தார்கள்.

அக்கா.

"ஹலோ? அவர் செருப்பு மாட்டிட்டிருக்காரு. எனக்கு வலி வந்துடுச்சு, ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிட்டோம்."

"ஏய்... நான்தான்டி பேசறேன்!"

அங்கே பின்னணியில் டிக்... டிக்... டிக்...

"யாருங்க நீங்க?" என்றாள். பிறகு போனை விலக்கி, கொஞ்சலாக, "லிப்டு, யாரோ குடிச்சிட்டு உளர்றாங்க. இந்தாங்க, நீங்களே பேசுங்க."

எதிர்முனை லேசாகச் சிரித்தது.

மாமா ஆஸ்பத்திரி வரைக்கும் ஓடினார். ஆட்டோ பிடிக்கத் தோன்றவில்லை. போய்ச் சேர்ந்தபோது ஆண் குழந்தை பிறந்திருந்தது. தாயும் சேயும் நலம். அக்கா தலைமாட்டில் அவருடைய போன், திரையெல்லாம் ஈரம். அக்கா சோர்வாகச் சிரித்தாள்.

"இன்னைக்குதான் கூப்பிட்ட உடனே வந்தீங்க. கையையே விடல. குழந்தை அழுததும் அதுக்குள்ள எங்க போனீங்க?"

மாமா இன்றுவரை அவளிடம் எதுவும் சொல்லவில்லை. என் அறைத்தோழனிடம் மட்டும் சொன்னார், அதுவும் போன வாரம்தான்.

ஏன் போன வாரம் என்றால்... பையனுக்கு இப்போது மூன்று வயது. சமர்த்து. வீட்டுக்கு யார் வந்தாலும் கதவோரம் நின்று, போனுக்காகக் கை நீட்டுவான். எல்லாக் குழந்தையும் செய்கிறதுதான். போன வாரம் என் அறைத்தோழன் போனான். பையன் போனை வாங்கிக்கொண்டு, நிமிர்ந்து பார்த்து, நிதானமாகக் கேட்டானாம்:

"வீட்ல உங்கள எப்படிக் கூப்பிடுவாங்க?"