தானாக மடங்காத கத்தி

"கத்திய ஒத்தக் கையால விரிக்கணும்மா. ஆனா தானா மடங்கிரக் கூடாது."

தென்காசியில் ஒரு ஹார்டுவேர் கடையில், சாவிக்கு நகல் எடுக்கக் காத்திருந்தபோது காதில் விழுந்தது. சொன்னவருக்கு அறுபது வயதிருக்கும். இடது கையில் கட்டுப் போட்டிருந்தார். கடைக்காரப் பெண் மடக்குக் கத்திகளை எடுத்து வைத்தாள்.

"கையில என்ன அண்ணாச்சி?"

"இலஞ்சித் தோப்புல கயிறு அறுத்தேன். பழைய கத்தி மடங்கி வெரல்ல எறங்கிட்டு. துண்டப் பல்லால இழுத்துக் கட்டிக்கிட்டு நானே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனேன்."

"வீட்டுல யாரும் இல்லியா?"

"அவ போயி ரெண்டு வருசமாச்சு. மவன் துபாய்ல இருக்கான். வீடியோல பேசும்போது இந்தக் கையக் காட்டல."

இருந்ததிலேயே கனமானதை எடுத்து விரித்தார். டக்கென்று அதன் பூட்டு விழுந்தது. கத்தியின் முதுகை மேசையில் அழுத்தினார், மடங்கவில்லை. கட்டைவிரலால் பூட்டை விலக்கி மடக்கினார். சுலபமாக மடங்கியது. நாலைந்து முறை அப்படிச் செய்து பார்த்தார்.

"இதையே குடும்மா. நாளைக்குக் கடை உண்டா?"

"நாளைக்கு லீவு அண்ணாச்சி. எதுக்குக் கேக்கிய?"

"மடக்குதது கொஞ்சம் கஷ்டமா இருக்கு. திங்கக்கிழமை வந்து காட்டுதேன்."

அவள் அவர் கையில் மடங்கியிருந்த கத்தியைப் பார்த்தாள்.

"காலையிலயே வாங்க," என்றாள்.