மாதா படத்துக்குப் பின்னால் இருந்த தந்தி

ஹலோ... ஹலோ, பம்பாயா?... சார், வணக்கம் சார். அருள்சாமி பேசறன். செஞ்சி போஸ்ட் ஆபீஸ்லேருந்து... ஆமா சார், ஆமா. மெட்ராஸ் இன்டர்வியூல நீங்கதான் தமிழ்ல பேசினீங்க... அதேதான் சார், கம்ப்யூட்டர் வேலை. கம்பெனி கம்பெனியா போயி மிஷினுக்கு புரோகிராம் எழுதிக் குடுக்கறது...

தெரியும் சார். பதினொண்ணாந் தேதி அங்க இருந்திருக்கணும்... இன்னிக்குப் பதினஞ்சு. தெரியும்.

இல்லல்ல, தந்தி வந்துச்சு சார். ஒண்ணாந் தேதியே வந்துடுச்சு... பிரிக்கல.

எங்கப்பா வாங்கி மாதா படத்துக்குப் பின்னாடி சொருகிட்டாரு. யார்கிட்டயும் சொல்லல. நானும் லெட்டர் வரும்னு தெனம் தபால்காரரத்தான் பாத்துக்கினு கெடந்தன்... எங்க பக்கம் தந்தின்னா சாவு சேதிதான் சார். அண்ணன் மிலிட்டரில இருக்குறான். தங்கச்சிக்குப் பதிமூணாந் தேதி கோயில்ல கல்யாணம். பிரிச்சா கல்யாணம் நின்னுடும்னு... ஆமா. ஆமா சார். ரெண்டு வாரமா அவரு மட்டும் மனசுல வச்சிக்கினு... பந்தில ஒரு வாய் சாப்பிடல.

நேத்து. பொண்ணு மாப்பிள்ளைய அனுப்பிட்டு, படிடான்னு எங்கிட்ட நீட்டினாரு. நான்தான் சார் படிச்சன்.

அண்ணனா... நல்லா இருக்குறான் சார். அண்ணனுக்கு ஒண்ணும் இல்ல நைனா, எனக்கு பம்பாய்ல வேலை கெடச்சிருக்குதுன்னு சொன்னன். அழுதுட்டாரு. சந்தோஷத்துல... தேதிய சொல்லல சார். வெளிய சைக்கிள் பக்கத்துல நிக்கிறாரு. எந்த ரயிலுன்னு கேக்கத்தான் நான் போன் பண்றன்னு நெனச்சிக்கினு இருக்கறாரு.

எனக்கா... ஒண்ணும் தெரியல சார். அழுகையும் வரல. மரத்துப்போன மாதிரி இருக்குது.

...

வேற ஆள் சேந்துட்டாரா... ம்... வெயிட்டிங் லிஸ்ட்லேருந்து. சரிங்க... இல்ல சார், புரியுது. பன்னண்டு பேருக்குத்தான் ட்ரெயினிங்... இன்னிக்கே கெளம்பி வந்தாலுமா?... ம். சரி. சரிங்க சார்.

யாரு... எக்ஸ்சேஞ்சா?... இல்லம்மா, இன்னும் மூணு நிமிசம் வாணாம். முடிச்சிடறன்.

சார், அடுத்த வருசம் ஆள் எடுத்தா... சொல்றீங்களா. ரொம்ப நன்றி சார். அட்ரஸ் அதேதான்... கார்டு போடுங்க சார். தந்தி வாணாம்... எவ்ளோ அவசரம்னாலும் கார்டே...

ஹலோ... ஹலோ...

வா நைனா... கட் ஆயிடுச்சு... ம், பேசிட்டன்... கார்டு போடுவாங்களாம்.