கன்னியம்மாள் எழுதச் சொன்ன சீட்டு

அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் அன்பும் அருளும் நிறைந்த போதகர் ஐயா அவர்களே! நான் எப்போது முடிப்பேன் என்று இப்போதே கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிட்ட சபைப் பெரியோர்களே! விடியலிலிருந்து அண்டா அண்டாவாகச் சோறு வடித்துவிட்டு, கையின் ஈரம் காயாமல் வந்து பாயில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! செங்கம் சாலையிலிருந்தும் அடி அண்ணாமலையிலிருந்தும் கால் கடுக்க நடந்து வந்த கண்ணியத்துக்குரியவர்களே! பந்தலுக்கு வெளியே நின்று, நம் பண்டிகையைத் தம் பண்டிகையாய் நினைத்து வாழ்த்த வந்திருக்கும் அண்டை வீட்டு அன்பர்களே! அனைவருக்கும் இந்த ராஜமாணிக்கத்தின் பணிவான ஸ்தோத்திரம்.

'விடாமல் ஜெபிப்பதும் பணிந்து ஜெபிப்பதும்.' இந்த எண்பத்து மூன்றாம் ஆண்டு ஸ்தோத்திரப் பண்டிகைக்கு எனக்குக் கொடுத்த தலைப்பு இது. இந்தத் தலைப்பில் பேச எனக்கு என்ன தகுதி? தாலுகா ஆபீஸில் தலைமை எழுத்தனாக இருபத்திரண்டு வருஷம் இருக்கிறேனே, அதுவா தகுதி? இல்லை. ஜெபத்தைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டே, பெற்ற மகளைத் தொலைத்துவிட்டு நின்றவன் நான். அதுதான் தகுதி. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

என் ஜெபத்தை நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். "ஆதி அந்தமில்லா அன்பின் ஆழியே, ஆருயிர்க்கெல்லாம் ஆதரவே, அடியார்க்கு அடைக்கலமே" என்று ஆரம்பித்தால்... யார் அங்கே சிரிப்பது? சிரியுங்கள் அம்மா, சிரியுங்கள். நான் ஆமென் சொல்வதற்குள் உங்கள் வீட்டு அடுப்பில் குழம்பு வற்றிப்போகும் என்று நீங்கள் பேசிக்கொள்வது எனக்குத் தெரியாதா? ஆனால் அந்தக் காலத்தில் எனக்கு அதில் அவ்வளவு பெருமை.

நம் ஆலய வாசலில் தகர டப்பா ஒன்று இருக்கிறது. புதன்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு வருகிறவர்கள் தங்கள் விண்ணப்பத்தைச் சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். நான் எடுத்து வாசிப்பேன், சபை ஜெபிக்கும். எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பதும் நான்தான். எழுபத்தாறாம் வருஷம் அப்படி என்னிடம் வந்தவள்தான் அடி அண்ணாமலை கன்னியம்மாள். களை எடுக்கப் போவாள், பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களுக்கு மோர் விற்பாள்.

அவளுக்கும் அவள் அக்கா எல்லம்மாளுக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு, ஒரே கிணறு. ஞானஸ்நானம் எடுத்த கன்னியம்மாள், பெற்ற தாயின் காரியத்தில் படையல் முன்னால் உட்காரவில்லை. பெற்றவளுக்கே செய்யாதவள் எனக்கு என்ன உறவு என்று அக்கா அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டாள். அதனால் கன்னியம்மாள் சொன்ன சீட்டு ஒரே வரி.

"எங்க அக்கா என்னாண்ட பேசணும். அவ்ளோதாங்க ஐயா."

அடுத்த புதன் வந்தாள். அதே வரி. அதற்கடுத்த புதன். அதே வரி! மழையா? வந்தாள். காய்ச்சலா? வந்தாள். ஒன்றரை வருஷம் அதே வரியை எழுதி எழுதி என் கை சலித்தது, வாசித்து வாசித்து என் வாய் சலித்தது. ஒருநாள் கூட்டத்தின் நடுவிலேயே, ஆபீஸில் பேசுகிற அதே குரலில் சொல்லிவிட்டேன்.

"இந்தாம்மா, இந்த மனு ஏற்கெனவே குடுத்தாச்சு. பரிசீலனையில இருக்குது. திரும்பத் திரும்பக் குடுக்காத."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு கடைசிப் பாயில் போய் உட்கார்ந்தாள். கூட்டம் முடிந்ததும் செருப்பு விடுகிற இடத்தில் எனக்காகக் காத்திருந்தாள்.

"ஐயா, ஆண்டவரு மறந்துட்டாருன்னு நான் ஞாபகப்படுத்த வர்லீங்க. ஒரு வாரம் எழுதாம உட்டா எனக்கு அக்கா மேல கோவம் வந்துடுதுங்க. கெணத்தாண்ட அவளப் பார்த்தா, போடின்னு மூஞ்சத் திருப்பிக்கிறேன். எழுதிட்டுப் போனாத்தான் அந்த வாரம் கோவம் கம்மியா இருக்குது."

அன்பர்களே! நீதிபதியிடம் நியாயம் கேட்டு விடாமல் நடந்த விதவையைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமையில் நான் எத்தனை பிரசங்கம் செய்திருப்பேன்! அந்த விதவை அன்று என் முன்னால் செருப்பில்லாத காலோடு நின்றாள். எனக்குப் புரிந்ததா? புரியவில்லை. சரி சரி, எழுதுறேன் போம்மா என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

எழுபத்தொன்பதில் என் மகள் சந்திரகலா, தன்னோடு வேலை பார்த்த வாத்தியாரை என் சம்மதம் இல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு போளூரில் குடியேறினாள். "இனிமே என் வாசப்படிய மிதிக்காத" என்றேன். சபையில் யார் கேட்டாலும், "வேலை ஜாஸ்தி, லீவு கிடைக்கல" என்றேன். என் மனைவி ஜோதியம்மாள் சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து அழுவாள், நான் எழுந்து போய்விடுவேன். நான் ஜெபிக்கவில்லையா? ஜெபித்தேன்! அடுக்குமொழியில் ஜெபித்தேன்! அவளுக்குப் புத்தியைக் கொடும், அவள் வந்து என் காலில் விழட்டும் என்று இரண்டு வருஷம் ஜெபித்தேன். அது ஜெபமா ஐயா? ஆண்டவரையே பியூனாக்கி, அவர் கையில் நான் கொடுத்தனுப்பிய ஆர்டர் அது.

ஒரு புதன்கிழமை கன்னியம்மாள் தன் வரியைச் சொல்லி முடித்துவிட்டு, "இன்னொரு சீட்டு எழுதுங்க ஐயா" என்றாள்.

"யாருக்கு?"

"ஐயா பொண்ணு சந்திரகலாவாண்ட ஐயா பேசணும்னு எழுதுங்க."

பேனா நின்றுவிட்டது. "உனக்கு யார் சொன்னது?" என்று அதட்டினேன்.

"போளூர் பஸ் ஸ்டாண்டுல பார்த்தேங்க. அப்பா நல்லா இருக்காரான்னுதான் முதல்ல கேட்டுச்சு. கேக்கும்போதே கண்ணுல தண்ணி வந்துடுச்சுங்க."

கவனியுங்கள். மகள் அப்பாவிடம் பேசட்டும் என்று அவள் சொல்லவில்லை. அப்பா மகளிடம் பேசணும் என்றாள். என் கையாலேயே எழுத வைத்தாள். எழுதினேன். டப்பாவில் போட்டேனா? இல்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். போன வாரச் சீட்டை ஏன் வாசிக்கவில்லை என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்த புதன் வந்து அதையே சொன்னாள். நான் அதையே எழுதினேன், பழைய சீட்டோடு சேர்த்துப் பையில் வைத்தேன்; சட்டை மாற்றினால் சீட்டுகளும் பை மாறும். இப்படி ஒன்பது வாரம்.

ஒருநாள் பை மாற்ற மறந்துவிட்டேன்; ஒன்பது சீட்டையும் துணி துவைக்கும்போது ஜோதியம்மாள் கண்டெடுத்தாள். வரிசையாகத் தரையில் விரித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள்.

"ஏங்க, இது உங்க கையெழுத்து. செய்ய வேண்டியதும் நீங்கதான். நடுவுல ஆண்டவரு எத்தினி வாரம்தான் காத்துனு இருப்பாரு?"

அந்தப் புதன்கிழமை இந்த ஆலயத்தில் நான் எழுந்து நின்றேன். ஆதி வரவில்லை, ஆழி வரவில்லை. "என் மகள் சந்திரகலாகிட்ட நான் பேசணும். எனக்காக ஜெபம் பண்ணுங்க" என்று அந்தச் சீட்டை வாசித்துவிட்டு முழங்காலில் விழுந்தேன். அன்று யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் போளூர் பஸ் ஏறினேன். கதவைத் திறந்த மகள் என்னைப் பார்த்ததும், "சாப்ட்டியாப்பா?" என்றாள். வாழ்க்கை முழுவதும் வார்த்தைகளை அடுக்கிய எனக்கு, "இல்லம்மா" என்ற ஒரு வார்த்தைதான் வந்தது. இதோ, தாய்மார்கள் வரிசையில், மடியில் குழந்தையோடு அவள் உட்கார்ந்திருக்கிறாள்.

என்ன கேட்கிறீர்கள் அம்மா? எல்லம்மாள் பேசினாளா என்றா? இல்லை. ஏழு வருஷமாயிற்று, இன்னும் பேசவில்லை. ஆனால் போன பௌர்ணமியன்று மலை சுற்றி வந்த எல்லம்மாள், தங்கை நீட்டிய மோரை வாங்கிக் குடித்துவிட்டு, டம்ளரை வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மூச்சு வாங்க ஓடி வந்தாள் கன்னியம்மாள். "மோரு குடிச்சிட்டா ஐயா!" அப்படியானால் இந்த வாரம் விண்ணப்பம் வேண்டாம், நன்றி சொல்லும் ஸ்தோத்திரச் சீட்டாக எழுதிவிடட்டுமா என்று கேட்டேன்.

"ரெண்டும் எழுதுங்க. குடிச்சதுக்கு ஒண்ணு, பேசறதுக்கு ஒண்ணு."

இதற்குமேல் இந்தத் தலைப்பில் நான் என்ன பேச? கன்னியம்மா, மூன்றாவது வரிசையில் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்கிறாயே, கொஞ்சம் நிமிர்ந்து பார். இந்த ஏழு வருஷத்தில் உனக்காக எத்தனையோ சீட்டு எழுதினேன். எல்லாம் நீ சொல்லி நான் எழுதியவை. நானாக உனக்காக ஒன்றுகூட எழுதியதில்லை. இன்று காலையில் எழுதினேன். இதோ என் சட்டைப் பையில் இருக்கிறது, சபையார் முன் வாசிக்கிறேன்.

"எல்லம்மா தன் தங்கச்சியாண்ட பேசணும். இப்படிக்கு, ராஜமாணிக்கம்."

இதைப் பையில் வைத்துக்கொள்ளப் போவதில்லை. மேடையிலிருந்து இறங்கி நேராகப் போய் டப்பாவில் போடுகிறேன். அடுத்த புதனும் எழுதுவேன். பேச அழைத்த போதகர் ஐயாவுக்கும், பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும், பசியோடு காத்திருக்கும் பிள்ளைகளுக்கும் நன்றி. ஆண்டவருடைய சமாதானம் உங்கள் எல்லோர் வீட்டிலும், எல்லம்மாள் வீட்டிலும் தங்குவதாக. ஆமென்.