எட்டாம் கொட்டடியின் பங்கு

– அசையாதீங்க சிடோ அண்ணே. கட்டி உடைஞ்சு சீழ் வழியுது, துணியை மாத்திடுறேன்.

– மெதுவாடா ரோமேல். இப்ப எத்தனை பேருக்கு இந்தச் சனியன்?

– நூத்திப்பத்து பேர்ல முப்பத்தொண்ணு. ஒரே சவரக்கத்தி, ஒரே துண்டு. தூங்குறதும் ஒருத்தன் முதுகுல ஒருத்தன் ஒட்டிக்கிட்டு. ஒட்டாம என்ன செய்யும்?

– உனக்கு?

– எனக்கு ஒண்ணுமில்ல. காலைல நீங்க ஆசையா நீட்டுன கசப்புக் காப்பியைக் குடிச்சும் உசுரோடதான் இருக்கேன்.

– என் பொண்டாட்டி கொண்டுவந்த மாத்திரைக்குக்கூட அடங்கலையேடா.

– எங்க அடங்கும்? இருபதையும் ஆளுக்கு ஒண்ணா கொடுத்துட்டீங்க. கருவாட்டைப் பங்கு போடுங்க, ரொட்டியைப் போடுங்க. மருந்தையுமா? ஒத்தை மாத்திரையில கிருமி சாகல அண்ணே, பழகிக்கிச்சு.

– எட்டாம் கொட்டடிடா இது. வெளியிலேர்ந்து எது வந்தாலும் எல்லாருக்கும். நான் போட்ட சட்டம். மணிலா ஜெயில் பூரா கேட்டுப் பாரு, இப்படி ஒரு கொட்டடி உண்டான்னு.

– மருந்துக்கடையில ஆறு வருஷம் நின்னவன் சொல்றேன், கேளுங்க. சீழை எடுத்துச் சோதிச்சாங்கல்ல? எந்த மருந்தும் வேலைக்கு ஆகாதாம், இது ஒண்ணைத் தவிர. அதான் நர்ஸம்மா விடியக்காலையில கம்பி வழியா பதினாலு மாத்திரை கொடுத்தாங்க. ஏழு நாளைக்கு, ரெண்டு வேளை. அவ்வளவுதான் கையிருப்பாம்.

– எனக்கு மட்டுமா?

– உங்களுக்கு மட்டும்தான். விஷம் ரத்தத்துல ஏறிடுச்சு அண்ணே. ஆஸ்பத்திரிக்குப் போக நீதிபதி கையெழுத்து வேணுமாம்.

– அந்த ஆளு நாலு வருஷமா என் கேஸையே திறந்து பார்க்கல.

– அதனாலதான் கெஞ்சுறேன். எனக்கு பயமா இருக்கு அண்ணே. இந்தாங்க தண்ணி, சாயங்கால மாத்திரையைப் போடுங்க. உங்க தலைமாட்டுலதானே டப்பாவை வச்சேன்?

– திட்டாதடா.

– அண்ணே... டப்பா காலி.

– பயலுக காய்ச்சல்ல அனத்துறானுங்க. பதிமூணு பேரு. அவனுங்க முகத்தைப் பார்த்துக்கிட்டு நான் மட்டும் எப்படி முழுங்குறது?

– போச்சு. எல்லாம் போச்சு. பதினாலாவது எங்க? அதையாவது தின்னீங்களா?

– உன் தொடையில கட்டி இருக்கறதை நேத்தே பார்த்துட்டேன். காப்பி ஏன் கசந்துச்சுன்னு நினைச்சே?