டெக்சாஸுக்குக் கொண்டுபோன ரசம்

மொன்றியலில், கோட்-டெ-நேஜ் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருவர் இருந்தார்கள். இளையவர் கையில் நீல ஏர்மெயில் கடிதம்.

“டெக்சாஸுக்குள்ள எங்கட நாடு பத்துத்தரம் போகும், அண்ணை. தம்பி இருக்கிற எல் பாசோவுக்கு அதே டெக்சாஸில இருக்கிற ஹூஸ்டனைவிட, கலிபோர்னியாவில சான் டியாகோ கிட்டவாம்.”

“இஞ்ச மொன்றியலில இருந்து?”

“பஸ்ஸில மூண்டு நாள். அம்மா ரெண்டு மாசத்துக்கு முந்தி யாழ்ப்பாணத்தில இருந்து எழுதினவ, தம்பிக்குக் காய்ச்சலாம், ரசம் வச்சுக் கொண்டுபோய்க் குடு எண்டு.”

பெரியவர் சிரிக்கவில்லை. “நீ என்ன எழுதினனீ?”

“கொண்டுபோய்க் குடுத்தனான் எண்டு. தம்பிக்கும் ஃபோனில சொல்லிவச்சனான், அப்பிடியே எழுது எண்டு.”

“எழுதினவனோ?”

இளையவர் கையிலிருந்த அம்மாவின் கடிதத்தை விரித்து வாசித்தார். “‘ரசத்தில உப்புக் கூடிப்போச்செண்டு தம்பி எழுதியிருக்கிறான். அடுத்தமுறை குறைச்சுப் போடு, ராசா.’”