ஆளுக்கு மூன்று குடம்

மோரில் உப்பு குறைவாக இருந்தால் சொல்லுங்கள், தம்பி. என் கைக்கு உப்பு எப்போதும் கொஞ்சம் கம்மிதான். தயங்காமல் குடியுங்கள், செம்பில் இன்னும் இருக்கிறது.

தண்ணீர் ஆபீசிலிருந்து வந்திருக்கிறீர்கள். சட்டையில் குத்தியிருக்கும் அட்டையில் ராஜபாண்டி என்று போட்டிருக்கிறது. இந்தத் தெருவில் குழாயில் மோட்டார் வைத்து உறிஞ்சுவது யார் என்று கேட்கிறீர்கள். நான்தான். படிக்கட்டுக்கு அடியில் சாக்கு போர்த்தி வைத்திருக்கிறேன், பாருங்கள். மிஷன் பள்ளியில் காலமெல்லாம் அறிவியல் டீச்சராக இருந்தவள் நான். எஸ்தர் டீச்சர் என்றால் திருநகரில் பாதிப் பேர் இன்றும் எழுந்து நிற்பார்கள். திருடிப் பழக்கமில்லை. மோட்டார் வாங்குகிற நிலைமை எனக்கு எப்படி வந்தது என்று கேட்டால் நீங்களே சரிதான் என்பீர்கள்.

எல்லாம் மாடித்தோட்டத்தால் வந்தது. ரிட்டயர் ஆன பிறகு மொட்டை மாடியில் கத்தரி, வெண்டை, பாகல், தக்காளி என்று போட்டேன். மழைக்காலத்தில் யார் வேண்டுமானாலும் தோட்டம் போடலாம். சித்திரை பிறந்தால்தான் தெரியும் சேதி. செருப்பில்லாமல் மாடியில் கால் வைக்க முடியாது. போன வருஷம் தக்காளி முதலில் போனது, பிறகு வெண்டை. கத்தரி கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு நின்றுவிட்டு அதுவும் போனது. மிஞ்சியது ஒரே ஒரு மஞ்சள் பூசணிக்கொடி. அதில் ஒரே ஒரு பிஞ்சு.

எங்கள் சபையில் ஆனி மாதம் அறுப்பின் பண்டிகை வரும். வீட்டில் விளைந்ததைக் கொண்டுபோய் ஆண்டவர் முன்னால் படைக்க வேண்டும். ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுவார்கள். பாதிப் பேர் மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் வாங்கி, சொந்தத் தோட்டம் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வருவார்கள். கர்த்தரும் கண்டுகொள்வதில்லை. ஆனால் ஸ்டீவ் என்று ஒரு பையன் இருக்கிறான். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. அவன் நிஜமாகவே வளர்ப்பான். முந்தின வருஷம் அவனுடைய பூசணியை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். என் வெண்டைக்காயைப் பார்த்துவிட்டு, "டீச்சர், இதைப் பாக்க லேப்ல இருந்து லென்ஸ் எடுத்துட்டு வரணும் போலயே" என்றான். போதகர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். ஆறாம் வகுப்பில் அவனுக்கு ஒளிச்சேர்க்கை சொல்லிக்கொடுத்ததே நான்தான். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

பூசணிக்கு வெயில் தொந்தரவில்லை, தண்ணீர்தான் தொந்தரவு. போன வருஷம் குழாயில் காற்றுதான் வந்தது, அது உங்களுக்கே தெரியும். போரும் வற்றிவிட்டது. தெருச் சங்கத்தில் சொந்தமாக லாரி பேசினார்கள். சங்கச் செயலாளர் முத்துச்செல்வி லாரிப் பக்கத்தில் நின்று தலையை எண்ணி ஊற்றச் சொல்வாள். ஆளுக்கு மூன்று குடம். வீட்டில் நானும் என் கணவரும். ஆறு குடம்.

அவர் பெயர் கிருபாகரன். அதே பள்ளியில் டிரில் மாஸ்டர். நல்ல மனிதர்தான், ஆனால் தண்ணீர் குடிப்பதைப் பார்த்தால் பயமாக இருக்கும். செம்பை அண்ணாந்து தொண்டைக்குள் கவிழ்த்துவிடுவார். குளிப்பதும் அப்படியே. உசிலம்பட்டியில் இருக்கும் அவருடைய தங்கை ஜெபமணி மாடு வளர்த்தவள். அண்ணனையும் அந்தக் கணக்கில்தான் விசாரிப்பாள். போனில், "மதினி, அண்ணனுக்கு நேரத்துக்குத் தண்ணி காட்டுறீகளா?" என்பாள். காட்டுகிறேன் என்பேன்.

அந்த நேரத்தில்தான் அவருக்குக் கால் வீங்கியது. டாக்டர் இதயத்தில் கோளாறு என்றார். நீர் பிரியும் மாத்திரை எழுதிக்கொடுத்து, "தண்ணியைக் குறைக்கணும்மா. ஒரு நாளைக்கு ஒரு லிட்டரைத் தாண்டக் கூடாது" என்றார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆட்டோ பழங்காநத்தம் தாண்டுவதற்குள் மனசு ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறிவிட்டது. அதை நான் மறைக்கவில்லை.

டாக்டர் சொல்லை நான் மீறியதே இல்லை. ஒரு லிட்டருக்கு மேல் ஒரு மடக்கு கொடுத்ததில்லை. குளியலையும் நிறுத்தி ஈரத்துணியால் துடைத்துவிட்டேன். உடம்புக்கு முடியாதவருக்குக் குளியல் எதற்கு? மிச்சமெல்லாம் பூசணிக்குப் போனது. கொடி என்ன குஷியாக இருந்தது தெரியுமா? பிஞ்சு குழந்தைத் தலை அளவுக்கு வந்தது. தரைச் சூடு படாமல் இருக்க, அவருக்கு இருந்த இரண்டு தலையணைகளில் ஒன்றை அதற்கு அடியில் வைத்தேன். அவருடைய வேட்டியை நாலாக மடித்து மேலே பந்தல் கட்டினேன்.

அவர் முன்னறையில் கட்டிலில் கிடப்பார். கழுத்தில் அந்தப் பழைய டிரில் விசில். ஏதாவது வேண்டுமென்றால் ஊதுவார். முதலில் மார்ச் பாஸ்ட்டுக்கு ஊதுவது மாதிரி நீளமாக ஊதினார். நான் மாடியில் இருந்தால் காது செவிடாகிவிடும். இறங்கி வந்தால், "எஸ்தரு, நாக்கு ஒட்டுதுடி, ஒரு வாய் குடு" என்பார். டாக்டர் என்ன சொன்னார் என்று ஞாபகப்படுத்துவேன். வாயைத் துடைத்துக்கொண்டு தலையாட்டுவார். கட்டளைக்குக் கீழ்ப்படிவதில் டிரில் மாஸ்டரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போனோம். வீக்கம் வடிந்திருந்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வடிந்திருந்தது. கன்னமும் சேர்ந்து வடிந்திருந்தது. அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு டாக்டர் என்னிடம் பேசினார். "நாக்கெல்லாம் காஞ்சு கெடக்கேம்மா. இந்த வெயில்ல கட்டுப்பாடே வேண்டாம், கேக்குறப்ப எல்லாம் தண்ணி குடுங்க. மாத்திரையைப் பாதியாக் குறைச்சிருங்க. இல்லாட்டி கிட்னி போயிரும்."

வெளியே வந்தேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "என்ன சொன்னாரு?"

"குறைக்கச் சொல்றாரு" என்றேன்.

அது பொய்யில்லை, தம்பி. குறைக்கத்தான் சொன்னார். எதை என்று இவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மாத்திரையைப் பாதியாக உடைத்தால் பொடியாகிவிடுகிறது, அதனால் முழுசாகவே கொடுத்துவந்தேன். தண்ணீரை நாளைக்கு ஒரு டம்ளராக்கினேன்.

நீங்கள் அப்படிப் பார்க்க வேண்டாம். அக்னி நட்சத்திரம் தொடங்கிய சமயம். பூசணிக்கு ஒரு வேளை தண்ணீர் தவறினால் இலையெல்லாம் தொங்கிப் போகும், பார்க்கச் சகிக்காது. மனிதர் அப்படியில்லை. கேட்பார்கள், அவ்வளவுதான். வாயில்லாத ஜீவனையும் வாயுள்ள ஜீவனையும் வைத்துக்கொண்டு யாருக்கு முதலில் ஊற்றுவீர்கள்?

பிறகு விசில் குட்டையானது. பிறகு அதில் வெறும் காற்று வந்தது, நம் தெருக் குழாய் மாதிரி. விசில் ஊதக்கூட வாயில் கொஞ்சம் ஈரம் வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இத்தனை வருஷம் அறிவியல் நடத்தியும் யோசித்ததில்லை. ஒரு காலையில் அந்தக் காற்றும் வரவில்லை. வீடு அமைதியாக இருந்தது. அன்றைக்கு நிம்மதியாகக் கொடிக்கு எரு வைத்து, ஒரு குடம் கூடுதலாக ஊற்றிவிட்டு, வெயில் ஏறியதும்தான் இறங்கி வந்தேன்.

வெயில் தாங்காமல் போய்விட்டார் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த வாரம் மதுரையில் யாருக்குத்தான் தாங்கியது? வந்தவர்கள் எல்லாம், "டாக்டர் சொன்னதுக்கு மேல ஒரு சொட்டுக் குடுக்கலையே, எஸ்தர் டீச்சர் மாதிரி யாரு பாப்பா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் வரவில்லை. அதிர்ச்சியில் இருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். நான் சாயங்காலத் தண்ணீருக்கு நேரமாகிறதே என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் சொந்தக்காரர்களுக்குச் சமையல் பொறுப்பை ஜெபமணி எடுத்துக்கொண்டாள். நான் முன்னறையில் உட்கார்ந்திருந்தேன். பின்கட்டிலிருந்து சாம்பார் வாசனை வந்தது. எழுந்து போனேன். அரிவாள்மனையில் உட்கார்ந்து கடைசித் துண்டத்தை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மதினி, இம்புட்டுச் சனத்துக்குக் காயே இல்ல. மாடியில ஒத்தப் பூசணி கெடந்துச்சு. நல்லவேளை, அம்புட்டுப் பேருக்கும் காணும்" என்றாள்.

அப்போதுதான் அழுதேன். சுவரில் முட்டிக்கொண்டு, தெருவே வந்து நிற்கிற அளவுக்கு அழுதேன். ஜெபமணி என்னைக் கட்டிக்கொண்டாள். "எங்கண்ணன் மேல உசுரையே வச்சிருந்தாக" என்று அவளும் சேர்ந்து அழுதாள். கையெல்லாம் பூசணி விதை. என் முதுகில் அப்பிக்கொண்டது. பந்தியில் எனக்கும் சாம்பார் ஊற்றினார்கள். சாப்பிட்டேன். இன்னும் கொஞ்சம் முற்றியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆனி மாதம் ஸ்டீவ் வழக்கம்போல் ஏலத்தில் மார்தட்டினான். என்னிடம் வந்து துக்கம் வேறு விசாரித்தான்.

இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், இவ்வளவிலும் நான் செய்த தப்பு ஒன்றே ஒன்றுதான். அவரை வைத்துக் காப்பாற்றத் தெரியாமல் போனேன். அடக்கம் முடிந்து லாரி வந்த அன்றைக்கு முத்துச்செல்வி எனக்கு மூன்று குடத்தோடு நிறுத்தினாள். "டீச்சர், மன்னிச்சுக்கோங்க. இப்ப உங்க வீட்டுல ஒரு ஆள்தானே" என்றாள். ஆள் போனால் பங்கும் போகும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்குத் தோன்றவே இல்லை. தினமும் இன்னும் ஒரு டம்ளர் கொடுத்திருந்தால் அவரும் இருந்திருப்பார், ஆறு குடமும் வந்திருக்கும். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

என் முதுகில் ஒட்டிய விதைகளை அன்றே கழுவிக் காயவைத்துவிட்டேன். இந்த வருஷம் போட்டதில் ஒரு கொடி மாடியில் பிடித்திருக்கிறது. மூன்று குடத்தில் நான் குடிப்பதா, அது குடிப்பதா? அதனால்தான் மோட்டார். தப்புதான், ஒத்துக்கொள்கிறேன். எங்கே கையெழுத்து வேண்டுமோ சொல்லுங்கள், போடுகிறேன்.

ஏன் மோரை அப்படியே வைத்துவிட்டீர்கள்? பரவாயில்லை, கீழே ஊற்ற வேண்டாம். செடிக்கு ஆகும்.

நேற்று ஜெபமணி போன் பண்ணினாள். தனியாக இருக்க முடியவில்லையாம், மாடுகளை விற்றுவிட்டாளாம். இனி என்னோடு இருக்க வருகிறாள். முத்துச்செல்வியிடம் நேற்றே போய்ச் சொல்லிவிட்டேன், வீட்டில் இரண்டு ஆள் என்று. பாவம், அவளுக்கும் கால் வீங்குகிறதாம். நானே டாக்டரிடம் கூட்டிப்போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். இந்தத் தடவை அளவாகப் பார்த்துக்கொள்வேன்.

மோட்டாரைக் கழற்றிக்கொண்டு போங்கள், தம்பி. அவள் வந்துவிட்டால் எனக்கு அது தேவைப்படாது.